மழையில் அவள் வைத்த குறி

எனக்கும் மனைவிக்கும் யாக்ட்ஷைன் ஒரே நாளில்தான் கிடைத்தது. இங்கே ஜெர்மனியில் துப்பாக்கியோடு காட்டுக்குள் போக அந்த வேட்டை அனுமதி வேண்டும். எழுத்துப் பரீட்சையில் அவளைவிட எனக்குத்தான் புள்ளி கூட. இதைச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

பக்கத்துக் காட்டை வேட்டைக்குக் குத்தகை எடுத்திருந்த ஜெர்மன்காரருக்கு வயதாகிவிட்டது. காட்டுப்பன்றிகள் சோளத்தை நாசமாக்க, கமக்காரர்கள் அவரைப் பிடுங்கி எடுத்தார்கள். எங்கள் இருவரில் ஒருவரை மட்டும் துணைக்குச் சேர்ப்பதாகவும், ஆளுக்கொரு முறை பார்த்து முடிவெடுப்பதாகவும் சொன்னார். அந்த இடம் எனக்குத்தான் என்று வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

என் முறை வந்த பின்னேரம் நல்ல மழை. மூவரும் பரணில் இருந்தோம். சாரல் முகத்தில் அடித்தது.

"என்னப்பா, மூச்சை மற்றப் பக்கம் விடுங்கோ. கண்ணாடி புகாரடிக்குது" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும். நீர் பேசாமல் இரும்."

பன்றி வந்தபோது ரைபிளின் தொலைநோக்கிக் கண்ணாடி உண்மையிலேயே மங்கிக் கிடந்தது. சட்டைக் கையால் துடைத்தேன். கை அதைவிட ஈரம். பன்றி ஒரு மண்ணிறக் கறையாகத் தெரிந்தது. சுட்டேன். கறை ஓடிவிட்டது.

காயப்பட்டு எங்காவது கிடக்கிறதோ என்று தேடாமல் போக முடியாது. மழை இரத்தத்தைக் கழுவிவிடும் என்பதால் கிழவரின் வேட்டைநாயை இறக்கி, இருட்டும்வரை சேற்றில் அலைந்தோம். ஒரு துளி இரத்தம் இல்லை, ஒரு மயிர்கூட இல்லை. கிழவர் நாயின் முதுகைத் துடைத்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த கிழமை அவளுடைய முறை. அன்றும் மழை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். அவளோ ரைபிளின் குழல்வாய்க்குள் தண்ணீர் போகாமல் டேப் ஒட்டியிருந்தாள். கண்ணாடியின் மூடியைக் கடைசி நிமிடம்வரை திறக்கவில்லை. உள்சட்டைப் பையில் காய்ந்த துணி வேறு. பன்றி வந்தது. அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து, ஒரே வெடி. நின்ற இடத்திலேயே விழுந்தது.

கிழவர் ஊசியிலை மரக்கொப்பு ஒன்றை முறித்து, பன்றியின் இரத்தத்தில் தொட்டு, அவள் தொப்பியில் செருகிக் கைகொடுத்தார். வேட்டைக்காரருக்கு இங்கே செய்யும் மரியாதை அது. தொப்பி நான் எனக்கென்று வாங்கியது, மழைக்கென்று அவளுக்குக் கொடுத்திருந்தேன். தன்னோடு சேர்கிறாயா என்று அவர் கேட்டதும் உடனே சம்மதித்தாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது பன்றி இறைச்சிக்கு ஆட்கள் தொலைபேசி எடுத்தால், "அக்கா நிக்கிறாவோ?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

போன சனிக்கிழமை மழை கொட்டியது. அவள் காட்டுக்குப் போய்விட்டாள். நான் வெங்காயம் வெட்டியபடி, அவளுக்குக் குறி தவற வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். தெப்பமாக நனைந்து வெறுங்கையோடு வந்தாள். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தவறிட்டுதோ?"

"இல்லையப்பா. பெரிய பண்டி, கிட்டத்தான் நிண்டது. மழையில வடிவாத் தெரியேல்லை. அதான் சுடேல்லை."

கோட்டைக் கொழுவிவிட்டுத் தேத்தண்ணி கேட்டாள். அவள் விழுத்திய பன்றிகளுக்குக்கூட நான் இப்படி எரிந்ததில்லை. அந்தப் பரணில் நான் இருந்திருந்தால் சுட்டிருப்பேன்.