எந்தக் குத்தாலம்?

அருவியைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அருவிக்குக் கிளம்பிய கூத்தைப் பற்றி. கிளம்புவதற்குள் எங்கள் வீட்டில் நடந்த அமளிக்கு முன்னால் எந்த அருவியின் இரைச்சலும் ஒன்றுமே இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்களைப் போலவே நீங்களும் குழம்பிப் போவீர்கள். தென்காசிப் பக்கம் மலையும் அருவியும் குரங்குமாக இருப்பது குற்றாலம். எங்கள் பக்கம், மாயவரத்துக்கு முன்னால், காவேரிக்கரையில் வயலும் ரயில்வே ஸ்டேஷனுமாக இருப்பது குத்தாலம். எழுதினால் வேறு வேறு எழுத்து. வாயால் சொன்னால் இரண்டுமே குத்தாலம்தான். இது போதாதென்று பாபநாசமும் இரண்டு. அருவியோடு ஒன்று அங்கே. அருவி இல்லாமல் ஒன்று இங்கே, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில். நான் வாழ்க்கைப்பட்ட வீடு திருவிடைமருதூர் பக்கம். கிழக்கே ரயில் ஏறினால் குத்தாலம், மேற்கே ஏறினால் பாபநாசம், இரண்டும் ஒரே தண்டவாளம்.

அப்போது என் பெண்ணுக்கு நாலு வயது. அவள் அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் பாதி வீட்டுக்காரர்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோதான் இருந்தார்கள். டீக்கடைக்குப் பக்கத்தில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் ஒன்று வந்திருந்தது. அங்கே போய்ப் புருஷனோடு பேசினால், பூத்காரர் முதல் வெளியே வரிசையில் நிற்பவர்கள் வரை எல்லாருக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அதனால் நான் பேசியதெல்லாம் "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டியதில்லை.

ஆனால் அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எனக்கு அப்புறம்தான் கல்யாணம் ஆயிற்று. அவளை அவள் புருஷன் துபாய்க்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து கடைத்தெரு, கோயில், குளத்தங்கரை என்று எங்கே போனாலும் ஒரே விசாரிப்பு. "உன்னை எப்பம்மா கூட்டிட்டுப் போறாரு?" நான் சிரித்து மழுப்புவேன். அவருக்கென்ன, கம்பெனியே குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறது என்று என் மாமியார் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, பிறகு ஏன் எங்களைக் கூப்பிடவில்லை? எங்கள்மேல் இஷ்டமில்லையோ என்ற பயம் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

லீவில் வந்திருக்கும்போது கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்கே கேட்பது? பகலெல்லாம் வீடு நிறைய விருந்தாளிகள். சென்ட் பாட்டில் கிடைக்குமா, டார்ச் லைட் கிடைக்குமா என்று வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். ராத்திரி என்றால் நடுவில் என் பெண். தூங்குகிறாள் என்று நினைத்து நாங்கள் பேசியதையெல்லாம் காலையில் காபி நேரத்தில் தாத்தாவிடம் வரி பிசகாமல் ஒப்பிப்பாள். ஒருமுறை அவர் என்னைக் கொஞ்சிய கொஞ்சலை அவள் அப்படியே நடித்துக் காட்ட, என் மாமனார் துண்டை உதறிக்கொண்டு வயலுக்கு ஓடினார். அதற்குப் பிறகு எங்கள் அறையில் பேச்சே நின்றுபோனது.

அந்தத் தடவை லீவில் வந்திருந்தபோது ஒருநாள் அவர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டே, "குத்தாலம் போயிட்டு வருவோமா? சீசன் நல்லா இருக்காம். நாம மூணு பேரு மட்டும், மூணு நாளு," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து போனதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, துக்கம், வேண்டுதல். சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், நனைவதற்காக மட்டும் ஓர் ஊருக்குப் போவதா? மூன்று நாள்! அருவியில் நனைந்துவிட்டு, பெண்ணை ஓடைத் தண்ணீரில் விளையாட விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடலாம். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, ரசத்தில் விழவே இல்லை.

வீட்டில் அனுமதி வாங்க வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. என் அம்மா வீட்டுக்குப் போவதற்கே ஏன், எதற்கு, எப்போது திரும்புவாய் என்று துளைத்தெடுக்கும் மாமியார் அவர். நான் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இவர் கூடத்தில் போய்ச் சொன்னார்.

"அம்மா, குத்தாலம் போயிட்டு, அப்படியே பாபநாசம் பாத்துட்டு வந்துடறோம்."

"தாராளமா போயிட்டு வாங்களேன். நானே சொல்லணும்னு இருந்தேன். இதைப் போயி கேக்கணுமா?"

நான் கரண்டியைக் கீழே போட்டேன். மகன் கேட்டால் மனசு இளகிவிடுகிறது பார் என்று நினைத்துக்கொண்டேன். அத்தையின் அக்கா, அதாவது இவருடைய பெரியம்மா, மாயவரத்துக்கு முன்னால் இருக்கிற குத்தாலத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் அப்போது எட்டவே இல்லை. அக்காவைப் பார்க்கத்தான் போகிறோம் என்று அத்தை முடிவே கட்டிவிட்டார். அந்தப் பக்கம் போகிறவர் ஒருவர் மூலம் அக்காவுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்த பேச்சையெல்லாம் இப்போது நினைத்தாலும் சிரிப்பு தாங்கவில்லை. நான் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எட்டிப் பார்த்தார்.

"எதுக்கும்மா இவ்ளோ துணி?"

"குளிக்கறதுக்கு அத்தை."

"குளிச்சிட்டே போயிடேன். அங்க போயா குளிப்பே?"

"குளிக்கத்தானே அத்தை போறதே!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, காவேரியில் தண்ணீர் வந்துவிட்டது அல்லவா, அக்கா வீட்டுக் கொல்லையில் இறங்கினால் ஆறு, அதில் குளிக்க ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது என்று தானே சமாதானம் செய்துகொண்டு போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டே, "அங்க குரங்கு ஜாஸ்தியாம் அத்தை. கையில எது இருந்தாலும் பிடுங்கிட்டு ஓடிருமாம். இவளைப் பத்திரமா பாத்துக்கணும்," என்றேன். அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. பெரியம்மாவுக்கு மூன்று பேரன்கள், மூன்றும் வால் இல்லாத குறைதான். மறுநாள் முழுக்க அத்தை என்னோடு பேசவில்லை. நான் காபி கொண்டுபோய் வைத்தால் சுவரைப் பார்த்து, "வெச்சிட்டுப் போகச் சொல்லு," என்றார். அனுமதி கொடுத்துவிட்டு இப்போது வயிறெரிகிறார் என்று நானும் முறுக்கிக்கொண்டேன்.

மாமனார் பங்குக்கு அவரும் ஒன்று செய்தார். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, குறுவை நடவு நேரம், அவருக்கு வேறு எதிலும் புத்தி போகாது. சேற்றுக்காலோடு வந்து நின்று, "பாபநாசம் போறியாமே? அந்த டிராக்டர்காரரைப் பாத்து, மிச்ச உழவுக்கு எப்ப வர்றாருன்னு கேட்டுட்டு வா," என்றார். இவர் தான் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் ரேடியோ ஸ்டேஷன் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் "சரிப்பா" என்றார். அருவியில் எந்த டிராக்டர்காரர் நிற்பார் என்று யோசிக்கவே இல்லை.

கிளம்புகிற நாளுக்கு முதல் நாள் அத்தை ஒரு வாழைத்தாரையும், ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய மாவடுவையும் கொண்டுவந்து எங்கள் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"காலை வண்டிக்கே போயிடுங்க. போனதும் இலை போட்டுடுவா."

"யாரும்மா?" என்றார் இவர்.

"யாரா? உங்க பெரியம்மாடா!"

"பெரியம்மா எப்ப குத்தாலத்துக்கு வந்தாங்க?"

"என்னடா கேள்வி இது? கல்யாணம் ஆன நாள்லேருந்து அங்கதானே இருக்கா!"

இவர் என்னைப் பார்த்தார். நான் வாழைத்தாரைப் பார்த்தேன்.

"அம்மா, நான் சொன்னது அருவிக் குத்தாலம்."

"அருவியா?" அத்தை என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ குரங்குன்னு சொன்னது?"

"நெஜக் குரங்கு அத்தை!"

அவ்வளவுதான். அத்தை சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். "நான், நீ அந்தப் பசங்களைச் சொல்றேன்னு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஏதென்று தெரியாமல் என் பெண்ணும் குதித்துக் குதித்துச் சிரித்தாள். மாமனார் மட்டும், "தண்ணி வராத வருஷமெல்லாம் விட்டுட்டு, வாய்க்கால் ரொம்பி ஓடுற நேரத்துல தண்ணி பாக்கறதுக்குன்னு பஸ் ஏறுறானாம்," என்று முனகிவிட்டுப் போனார்.

சிரித்து முடித்ததும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "அருவிக்குப் போங்க, வேணாங்கலை. ஆனா அக்காவுக்குச் சொல்லி அனுப்பியாச்சு. அங்க போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு எங்க வேணாலும் போங்க."

"வரலைன்னு போன் பண்ணிடலாமே," என்றேன் நான்.

"அவ வீட்டுல ஏதும்மா போன்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெற்கே போக வேண்டியவர்கள் சாப்பாட்டுக்காகக் கிழக்கே போய், திரும்பி எங்கள் ஊர் வழியாகவே கும்பகோணம் வந்து, அங்கிருந்து ராத்திரி பஸ் பிடிக்க வேண்டுமாம். இருந்த மூன்று நாளில் ஒரு நாள் போயிற்று. லீவு முடிகிறது, அருவியிலிருந்து திரும்பிய கையோடு அவர் மஸ்கட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டும். என் கேள்விக்கு இருந்த இடமும் சுருங்கிக்கொண்டே வந்தது. ராத்திரி முழுக்க வாழைத்தாரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

குத்தாலத்தில் பெரியம்மா எங்களைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். தலைவாழை இலை. வடை, பருப்பு, மோர்க்குழம்பு, இரண்டு பாயசம். "போதும்" என்ற வார்த்தை அந்த வீட்டில் யாருக்கும் காதில் விழாது. பேரன்களில் ஒருத்தன் என் இலையிலிருந்து அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். எனக்குப் புரையேறியது. இவர் என் தலையில் தட்டிக்கொண்டே, "பத்திரமா பாத்துக்க," என்று என் காதருகே சொன்னார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரியம்மா மட்டும், "ஊர்ல யாரோ நெனைக்கறாங்க, அதான் புரையேறுது," என்று மூன்றாவது தடவை பாயசம் ஊற்றினார்.

சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் அந்த வீடு மயங்கி விழுந்தது. பெரியம்மா வெற்றிலையை மென்றபடியே தூங்கிவிட்டார். ஓடியாடிய மூன்று பையன்களும் போட்டது போட்டபடி கிடந்தார்கள். என் பெண் அவர்களுக்கு நடுவில் வாயைத் திறந்துகொண்டு, உண்மையாகவே தூங்கினாள். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. கல்யாணமானதிலிருந்து பட்டப்பகலில், ஒரு வீட்டில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் முழித்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சத்தம் போடாமல் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஆற்றுக்கு இறங்கினோம்.

படித்துறையில் ஆளில்லை. புதுத் தண்ணீர் கலங்கலாக, செத்தையும் நுரையும் அடித்துக்கொண்டு போனது. காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அருவிக்கரையில் எப்படிக் கேட்பது என்று நாள் கணக்காக யோசித்து வைத்திருந்தேன். மெதுவாக, சிரிப்பும் விளையாட்டுமாக, எதிர்வீட்டுக்காரியிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தேன். வாயைத் திறந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

"ஏங்க, எங்களைக் கூட்டிட்டுப் போக உங்களுக்கு மனசில்லையா?"

அவர் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"அருவிக்குப் போயி சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் கெளம்புனதே," என்றார்.

நான் பயந்தது சரிதான் என்று நினைத்தேன். ஆனாலும் தென்காசி வரை அதைச் சுமந்துகொண்டு போக என்னால் முடியாது.

"இதுவும் குத்தாலம்தான். இங்கயே சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துச் சொன்னார். "குவார்ட்டர்ஸ்னு சொன்னேன்ல, அது ஒரு ரூமுதான். சுத்தி இரும்புக் கட்டிலா இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணா. என்னோடது மேல் கட்டில். எழுந்து உக்காந்தா தலை இடிக்கும். குடும்பத்தைக் கூட்டிக்கணும்னா அதுக்குத் தக்க சம்பளம் வேணும், எனக்கு அது இல்ல. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்ல போயி கேட்டுட்டுத்தான் நிக்கறேன். இந்தத் தடவை கெளம்பறப்பகூட கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. அம்மா ஊரெல்லாம் குவார்ட்டர்ஸ்னு சொல்லிட்டிருக்காங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

இதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும். இன்னும் எத்தனை வருஷம் அந்த பூத் வாசலில் நிற்கப்போகிறோம் என்று வயிறு எரிந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன், அப்படியும் சிரிப்பு வெடித்துவிட்டது.

அவர் முகம் வாடிப்போயிற்று. "என்ன சிரிக்கிறே? கேவலமா இருக்கா?"

"இல்லைங்க," என்றேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "மனசில்லைன்னு நெனச்சிட்டு இருந்தேன். எங்களுக்குக் கட்டில்தான் இல்லையா?"