கூந்தலுக்கு அடியில் இருந்த முகம்

நோரின் நான் வேலை பார்த்த நோட்டரி வீட்டுக்குத் துணி துவைக்க வந்தது சம்பளத்துக்காக அல்ல, சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்த ஓவியத்துக்காக. அங்கே சமையல்காரியாக இருந்த எனக்கே இது தெரிய இரண்டு வருடம் ஆனது.

படத்தில் ஒரு பெண் மார்ன் ஆற்றில் முதுகைக் காட்டி நின்று குளிக்கிறாள். அவள் நோரினின் தங்கை சிதோனி. ஒரு கோடை முழுக்க ஓவியர் வால்ப்ரேக்காகத் தண்ணீரில் நின்றாள். படம் முடியும் முன்பே, துணி அலசும்போது வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. படத்தில் கால்கள் மட்டும் பாக்கி. வெள்ளம் வடிந்ததும் ஓவியர் வந்து, கால்களை வரைய நிற்க முடியுமா என்று நோரினைக் கேட்டார். அவளும் தங்கை நின்ற இடத்தில் ஆறு நாள் நின்றாள்.

"அக்டோபர் மாசத்துத் தண்ணி, ஜில்லுன்னு இருந்திருக்குமேடி?" என்றேன்.

"இல்லக்கா. கால்கிட்ட மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு. அதான் பயமா இருந்துச்சு."

அப்போது படத்தில் சிதோனி தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். முடிந்த படத்தில் முகமே இல்லை. நோரின் கேட்டதற்கு ஓவியர், "அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சும்மா. மேல கூந்தல வரைஞ்சு மூடிட்டேன்" என்றாராம்.

படம் வரைந்த பதினாறாம் வருடம் மேல்பூச்சு மெலியத் தொடங்கியது. ஒரு காலை தூசி தட்டும்போது கூந்தலுக்குள் ஒரு கண்ணைப் பார்த்தேன். கறை என்று நினைத்துத் துடைத்தேன். கிறிஸ்துமஸுக்குள் இரண்டாவது கண்ணும் தெரிந்தது.

"அத எங்கயாவது தூக்கிப் போடுங்க. சாப்பிட உக்காந்தா என் முதுகையே பாக்குது" என்றாள் எஜமானி.

"எனக்குக் குடுத்துடுங்கம்மா" என்றாள் நோரின்.

படுக்கை விரிப்பில் சுற்றி, மழையில் நாங்கள் இருவரும் அவள் அறைக்குத் தூக்கிப்போனோம். கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். அடுத்த வசந்தத்தில் நான் போனபோது முகம் முழுசாக வெளியே வந்திருந்தது. பத்தொன்பது வயதுப் பெண். யாரையோ கூப்பிட வாயெடுத்தது போல உதடுகள் திறந்திருந்தன.

நோரின் படத்துக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு நானும் பக்கத்துலதான் துவைச்சுக்கிட்டு இருந்தேன். அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுக்கா. விளையாடுறான்னு நெனச்சு நான் திரும்பல."

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்."

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். இறந்த அன்று போய்ப் பார்த்தபோது கட்டிலைப் படம் மாட்டிய சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள். பிற்பாடு படத்தை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.