டொலமைட் திருநீறு

நான் பன்னிரண்டு வயதில் ஒரு தெய்வத்தைத் தோற்கடித்தேன். வாய்ச்சவடால் இல்லை, சான்றிதழ் இருக்கிறது. விஞ்ஞான தினப் போட்டி, முதலாம் இடம். அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாமா என்று நினைப்பேன். போட்டதில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் தொல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். தொழிலாளர்கள் குடியிருக்கும் நீளமான லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. ஆறாவதில் நாங்கள், ஏழாவதில் அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் சித்தப்பாவும். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர், அதுவும் கூரைவரை போகாது. அவர்கள் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எனக்குத் தலை வாரிப் பின்னுவது, பேன் பார்ப்பது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரொட்டியில் சீனி தூவித் தருவது எல்லாம் சின்னம்மாதான். சின்ன உருவம், சின்னக் குரல். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவள் சொல்லும் பதில் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது.

அந்தச் சின்னம்மா மேல் வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் வருவாள்.

லயத்துக்கு மேலே, தேயிலை தொடங்கும் இடத்தில் எங்கள் கோவில். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் உடுக்கை அடிப்பார்கள். மற்ற நாட்களில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பூசாரி, தட்டிலிருந்து திருநீற்றை அள்ளிச் சின்னம்மாவின் முகத்தில் ஊதுவார். அவள் உடம்பு நடுங்கும், கொண்டை அவிழும், நாக்கு வெளியே வரும். ஒரு பிடி திருநீற்றை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொள்வாள். அப்புறம் வரும் குரல் சின்னம்மாவுடையது இல்லை. கீழ் லயத்துக்கே கேட்கும்.

"டேய், வாடா இங்க."

கூப்பிடுவது சித்தப்பாவை. உர மூட்டை இரண்டைத் தனியாளாகச் சுமக்கும் மனுஷன் முழங்காலில் வந்து நிற்பார்.

"என் புள்ள மேல கை வச்சியா?"

"தப்புதான் ஆத்தா. இனிமே தொடமாட்டேன்."

"குடிச்சியா?"

"கொஞ்சமா ஆத்தா..."

என் பிள்ளை என்று ஆத்தா சொன்னது சின்னம்மாவை. சித்தப்பாவின் உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிச் சத்தியம் வாங்குவாள். அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசி, வாயிலும் ஒரு சிட்டிகை போடுவாள். பெண்கள் குலவையிடுவார்கள். பிறகு சாமி மலையேறிவிடும். சின்னம்மா பழையபடி சின்னக் குரலில் தண்ணீர் கேட்பாள்.

ஆத்தாவுக்கு எல்லோரும் பயந்தார்கள். எனக்குப் பதினொரு வயதானபோது தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த வாலிபன் ஒருவன், அவள் ஆடும்போது விசிலடித்தான். ஆத்தா அவனை நோக்கிக் கையை நீட்டி, "இவன் என்ன அவமதிச்சுட்டான்" என்றாள். அவ்வளவுதான். பெற்ற தகப்பனே அவனை அறைந்து, ஈரத்துணியோடு கோவிலைச் சுற்றி உருள வைத்தார். அதன் பிறகும் ஒரு மாதம் அந்த வீட்டுப் பெண்கள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. டவுன் பிள்ளைகள் என்னைக் கண்டால் நாக்கை நீட்டிக் கண்ணை உருட்டிக் காட்டினார்கள். "ஒங்க சின்னம்மா நேத்தும் ஆடுனாங்களா?" என்று சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. சின்னம்மாவை எனக்கு உயிராகப் பிடிக்கும். ஆனால் சின்னம்மா ஆடுவது பிடிக்காது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் விஞ்ஞானம் படிப்பிக்கப் புதிதாக சேர் ஒருவர் வந்தார். மெலிந்த ஆள், பேச்சில் நெருப்பு. "யாரு சொன்னாலும் நம்பாதீங்க. நான் சொன்னாலும் நம்பாதீங்க. சோதிச்சுப் பாருங்க" என்பார். விஞ்ஞான தினத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் சுற்றாடலில் ஒரு சோதனை செய்து வரவேண்டும் என்றார். மற்றவர்கள் பயறு முளைக்கப் போட்டார்கள். நான் ஆத்தாவைச் சோதிக்கத் தீர்மானித்தேன்.

குறிப்பேட்டில் கருதுகோளை இப்படி எழுதினேன்: சாமிக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் திருநீற்றுக்குப் பதிலாக வேறு பொடியை வைத்தால் சாமிக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் வந்தது சாமி இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் கோவிலைக் கூட்டித் தட்டுகளைத் துலக்கி வைப்பது எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளின் வேலை. எனவே பொடியை மாற்றுவது கஷ்டமில்லை. தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்க மலையில் டொலமைட் தூவுவார்கள். பார்க்கத் திருநீறு மாதிரியே இருக்கும். ஸ்டோருக்கு வெளியே கிழிந்து கிடந்த மூட்டையிலிருந்து இரண்டு பிடி எடுத்து வந்தேன். முதலில் என் நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை, மண் ருசிதான். சின்னம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற அக்கறை எனக்கு இருந்தது. அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

அந்த வெள்ளிக்கிழமை சின்னம்மாவின் கீழுதடு வீங்கியிருந்தது. புதன் இரவும் வியாழன் இரவும் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தோம். காலையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் அந்த உதட்டைக் குறிப்பேட்டில் எழுதவில்லை, அது என் சோதனைக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்தேன். கையில் மாமா வாங்கித் தந்த பிளாஸ்டிக் கடிகாரம். பொத்தானை அழுத்தினால் விநாடி ஓடும்.

உடுக்கை அடித்தது. பூசாரி டொலமைட்டை ஊதினார். ஆத்தா வந்தாள். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு கணம் ஆட்டம் நின்றது, பிறகு விழுங்கினாள். 'மாற்றம் எதுவும் இல்லை' என்று நான் எழுதினேன்.

"டேய், வாடா இங்க."

சித்தப்பா வந்து மண்டியிட்டார். அன்றைக்கு ஆத்தா வழக்கத்தைவிட உக்கிரமாக இருந்தாள்.

"மாசித் திருவிழா வரைக்கும் ஒரு சொட்டுத் தொடக்கூடாது. என் புள்ள மேல நகம் படக்கூடாது. சத்தியம் பண்ணுடா!"

அது முழுதாக மூன்று மாதம். அதற்கு முன் ஆத்தா ஒரு வாரத்துக்கு மேல் கேட்டதில்லை. சித்தப்பா கையை நீட்டினார். பூசாரி கற்பூரத்தை வைத்தார்.

நான் எழுந்து நின்றேன். "அது திருநீறு இல்ல. டொலமைட்டு. நான்தான் மாத்தி வச்சேன். சாமின்னா தெரிஞ்சிருக்கணுமே!" என்று கத்திவிட்டுக் கடிகாரப் பொத்தானை அழுத்தினேன். உண்மையைச் சொன்ன பிறகு சாமி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது சோதனையின் இரண்டாம் பகுதி.

உடுக்கை நின்றது. ஆத்தா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நாக்கு இன்னும் வெளியேதான் இருந்தது. முகமெல்லாம் வெள்ளை. வலது கை தோளளவு உயர்ந்து அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. சின்னம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். முடியை அள்ளிக் கொண்டை போட்டாள்.

"தண்ணி குடுங்க" என்றாள்.

"ஆத்தா மலையேறிட்டா" என்றார் பூசாரி, அவசர அவசரமாக.

சித்தப்பா எழுந்தார். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றாலும் காறித் துப்பினார். "மலைக்குப் போடுற பொடியத் திங்கிற ஆத்தாவாம்" என்று சிரித்தார். ஆண்கள் பக்கம் சிலரும் சிரித்தார்கள். அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இத்தன நாளா இவ கால்லயா நான் விழுந்தேன்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். சின்னம்மா அதற்குள் படியிறங்கிப் போயிருந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

அப்பாவுக்குப் பெருமை தாளவில்லை. "நம்ம புள்ள மூளையப் பாத்தீங்களா?" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்ததில் வளையல் இரண்டு உடைந்தன.

ஏழு மணிக்கெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமையில் அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து போய்ச் சுவரில் இரண்டு கையாலும் அடித்தாள். "தம்பி, போதும் தம்பி. அவள விடுங்க" என்று கெஞ்சினாள். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மறுநாள் அம்மா சின்னம்மாவை பஸ்ஸில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பீலியடியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சின்னம்மா சொல்லியிருக்கிறாள். அன்றோடு அவளுடைய இடது காது போனது. ஆத்தாவும் அதன் பிறகு வரவே இல்லை.

போட்டியில் என் சோதனைக்கு சேர் எழுந்து நின்று கைதட்டினார். சான்றிதழோடு வீட்டுக்கு வந்த அன்று சின்னம்மா அதையும் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்து, "என்னா எழுதியிருக்க? படிச்சுக் காட்டு புள்ள" என்றாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காரச் சொன்னாள். முழுவதையும் படித்தேன். 'முடிவு: சாமி வரவில்லை' என்பதையும் படித்தேன்.

"நல்லா எழுதியிருக்க" என்றாள். பிறகு, "வாயில போட்டதுமே தெரிஞ்சுச்சு. பத்து வருஷமா மலைக்குத் தூவுறேன், காத்தடிச்சா வாயெல்லாம் அதுதானே" என்றாள்.

எனக்குச் சந்தோஷம். தெரிந்துகொண்டே ஆடினாள் என்றால் நடிப்பு என்பது இன்னும் உறுதியாகிறதே! அதையும் மேலதிகக் குறிப்பாக எழுதிக்கொண்டேன்.

இப்போது நான் ஹட்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் சில நேரம், "டீச்சர், சாமி இருக்கா?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தவரை இல்லை என்பேன். பன்னிரண்டு வயதில் வந்த அந்த முடிவு இன்றுவரை மாறவில்லை. மாறியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆத்தாவிடம் போய்த் தேங்காய் உடைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்திருப்பேன். சாமி இல்லை என்பவளுக்கு மன்னிப்புக் கேட்க மனுஷிதான் இருக்கிறாள். அந்த மனுஷியின் வலப்பக்கம் எத்தனையோ தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். வாய் வந்ததில்லை.

சித்தப்பா இப்போது கோவில் கமிட்டித் தலைவர். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறார்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்ட நாளில்தான் அம்மா அதைப் பற்றி வாயைத் திறந்தாள். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"அன்னைக்கு அவ ஒன்னத் திரும்பிப் பாத்தாளே, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. கைய நீட்டிருவாளோன்னு. வேணாம்டி, வேணாம்டின்னு மனசுக்குள்ளயே கெஞ்சுனேன்."

"ஆத்தாகிட்டயா?"

"என் தங்கச்சிகிட்ட."

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"லயத்துப் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். ஆம்பளைங்கதான் நம்புனாங்க. அது போதாதா?"

அன்றைக்குச் சின்னம்மா என் பக்கம் கையை நீட்டி, 'இவ என்ன அவமதிச்சுட்டா' என்று சொல்லியிருந்தால் போதும். லயத்து ஆண்கள் அத்தனை பேரும் அவளை நம்பியிருப்பார்கள். தட்டில் இருந்தது டொலமைட்டா திருநீறா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னை ஈரத்துணியோடு உருட்டியிருப்பார்கள், சித்தப்பா நடுங்கிக்கொண்டே சத்தியம் செய்திருப்பார், சின்னம்மாவுக்கு மூன்று மாதம் கிடைத்திருக்கும். காதும் மிஞ்சியிருக்கும்.

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆத்தா வந்தால் செவ்வாய்வரை சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாக இருக்கும் என்ற விவரம் அதில் எங்கேயும் இல்லை. வாரா வாரம் காதால் கேட்டதுதான், எழுதத் தோன்றவில்லை. மற்றதெல்லாம் சுத்தமாக, கோடு போட்ட அட்டவணையில் இருக்கிறது. கடைசி வரியை உருண்டையான கையெழுத்தில் எழுதி, அடியில் சிவப்புக் கோடும் இழுத்திருக்கிறேன்: 'உண்மையைச் சொன்னபின் சாமி மலையேற எடுத்த நேரம், பதினோரு விநாடி.'

அந்தப் பதினோரு விநாடியும் சின்னம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.