விலாவில் மூடி வைத்த மாடு

எழுபதுகளின் நடுவில் நான் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது, மிருக வைத்தியப் படிப்புக்கு நேரடியாக இடம் கிடைக்குமளவு புள்ளிகள் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேறொரு பட்டப்படிப்பில் முதல் வருடம் நன்றாகச் செய்தால் மாறிக்கொள்ளலாம். அந்த முதல் வருடத்தை எங்கே படிப்பது? சிட்னியில், ஹோம்புஷ் பகுதியில் இருந்த எங்கள் சின்ன பிளாட்டில் அதுதான் சண்டை.

எனக்கு நகரத்துப் பல்கலைக்கழகம் வேண்டும். ரயிலில் போகலாம், பக்கத்திலேயே தியேட்டர்கள். அப்பாவுக்கோ சிட்னிக்கு வெளியே, புல்வெளிக்கு நடுவில் இருந்த விவசாயக் கல்லூரி.

“அங்க ஆர் இருக்கினம்? மாடும் செம்மறியும்தான். பிள்ளை ஒழுங்காப் படிப்பாள்,” என்றார்.

அம்மா இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை. குசினியில் ஓர் எறும்பைக் கண்டால் வீடு முழுவதையும் கழுவுகிறவர் அவர். அந்தக் கல்லூரியில், விலாவில் துளை போட்டு ரப்பர் மூடி வைத்த ஒரு மாடு நிற்பதாக எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தார். தீனி எப்படிச் செரிக்கிறது என்று மாணவர்கள் அதற்குள் கையை விட்டுப் பார்ப்பார்களாம். அதை அம்மா ஒருமுறை பார்த்தால் போதும், என் பக்கம் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பார்வையாளர் நாளன்று நானே முன்னின்று இருவரையும் கூட்டிப் போனேன்.

விரிவுரையாளர் மூடியைக் கழற்றினார். ஆவி பறந்தது. மாடு தன்பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“யாராவது கையை விட்டுப் பார்க்கிறீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் தங்கள் வீட்டில் ஆறு மாடு நின்றதென்று வழியெல்லாம் சொல்லிவந்த அப்பா, மெல்லப் பின்வாங்கி ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் வளையல்களைக் கழற்றி என் கையில் திணித்தார். முந்தானையை இடுப்பில் செருகி, தோள்வரை நீளும் கையுறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார்.

“இஞ்ச பாருங்கோப்பா! உள்ளுக்கு என்ன சூடு! தோசை மா புளிச்ச மாதிரி மணக்குது!”

சுற்றி நின்ற பண்ணைக்காரர்கள் கைதட்டினார்கள். சட்டைக் கையை மடித்துவிட்ட, வெயிலில் சிவந்த நாலைந்து இளைஞர்கள் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அங்கே ஆண் மாணவர்களும் உண்டு என்பதை அப்பா அப்போதுதான் கவனித்தார். நானும்தான்.

திரும்பும் வழியில் காருக்குள் அப்பா தொண்டையைச் செருமினார். “இந்த இடம் சரிவராது. ஒரே பெடியளாக் கிடக்கு.”

“மாட்டில கை வைக்கச் சொல்லேக்க நீங்கள் எங்கயப்பா இருந்தனீங்கள்?” என்றார் அம்மா. “பிள்ளை அங்கதான் படிக்கப் போறாள்.”

“ஓம், அம்மா சொல்லுறதுதான் சரி,” என்றேன் பின்சீட்டிலிருந்து, ஆகக்கூடிய அடக்கத்தோடு.

அந்த ஒரு வருடம் நான் சேற்றிலும் சாணியிலும் புரண்டேன், படிக்கவும் செய்தேன். அடுத்த வருடம் மிருக வைத்தியத்துக்கு இடம் கிடைத்தது. விருந்துகளில் யாராவது கேட்டால், “மகள் டொக்டருக்குப் படிக்கிறாள்,” என்று சொல்லிவிட்டு அப்பா உடனே கிரிக்கெட்டுக்குத் தாவுவார். அம்மா விடமாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களின் முன்னால் சேலையைச் செருகிக்கொண்டு, கையை எதுவரை விட்டார் என்று காட்டத் தொடங்கிவிடுவார்.