செவலைப் பசுவும் கௌபோயும்

கனடாவிலிருந்து வந்த பேத்தியின் தலையில் அகன்ற தோல்தொப்பி இருந்தது.

"உதென்ன பிள்ளை?"

"கௌபோய் தொப்பி அம்மம்மா. மாடு மேய்க்கிற ஆக்கள் போடுறது," என்றாள் பெருமையாக.

எனக்குப் பத்து வயதில், எங்கள் செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துத் தம்பையரின் புகையிலைத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது. அவர் அதைப் பிடித்துக் கட்டிவிட்டால், என்னைப் பெற்ற ஐயா போய்க் கைகட்டி நின்றுதான் மீட்கவேண்டும். தம்பையர் கயிற்றோடு துரத்தத் துரத்தப் பசு புகையிலைக் கன்றுகளை மிதித்தது. நான் வேலிக்குள்ளால் நுழைந்து, "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டேன். அது பேசாமல் என் பின்னால் வந்தது.

"உவள் மாடு மேய்க்கத்தான் சரி!" என்றார் தம்பையர், மூச்சு வாங்க.

"ஓம் மாமா, உங்களுக்கு அதுவும் முடியேல்லையே!" என்றேன்.

பேத்திக்கும் சொல்லிவிட்டேன்: "கௌபோய் எண்டால் தொப்பி இல்லைப் பிள்ளை. கூப்பிட மாடு வரவேணும்."