ஆர்தரின் கோ-கார்ட்டும் ஒரு பிஸ்கட் டின்னும்

நகையா? பிஸ்கட் டின்னில் நகையை அள்ளிக்கொண்டு மாடில்டா ஓடிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளே எதிர்வீட்டு ஃபியோனா, அவள் கண்ணால் கண்டாளா? அந்த வீட்டில் ஏது நகை? மாடில்டா காதில் கிடந்தது ஒரு பொட்டுத் தோடு. அது காதோடுதான் போனது.

விஷயம் வண்டி. பந்தயம் ஓடுகிற கோ-கார்ட். இரும்புக் குழாயை வளைத்த சட்டம், நாலு குட்டிச் சக்கரம், முதுகுக்குப் பின்னால் எஞ்சின். உட்கார்ந்தால் தரையே உரசுகிற மாதிரி இருக்கும். தோட்டத்துத் துரை வாங்கியது. ஒரு பந்தயத்தில் இரண்டாக முறிந்ததை ஒட்டவைத்தவர் ஆலையில் வேலை பார்த்த ஆர்தர், மாடில்டாவின் அப்பா. அடுத்த வருஷப் பிறப்புப் பந்தயத்தன்று துரைக்குக் காய்ச்சல். ஆர்தரே ஏறி உட்கார்ந்து ஓட்டினார். மூன்றாவதாக வந்தார். காகிதத்தில் மட்டும் துரை பேர்!

ஆனால் ஆர்தர் பெண்டாட்டி லேசுப்பட்டவள் இல்லை. கிறிஸ்மஸுக்குத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைச் சாயத்தை எடுத்து, அன்று ஆர்தர் ஏறுவதற்கு முன்னாலேயே வண்டியின் மூக்குத் தகட்டில் ‘ஆர்தர்’ என்று தமிழில் எழுதிவிட்டிருந்தாள். துரை தன் வண்டியில் தமிழில் எழுதிக்கொள்வானா? ஆர்தர் ஓட்டினார் என்பதற்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி.

துரை சீமைக்குப் போனபோது வண்டியை ஆர்தருக்கே கொடுத்துவிட்டுப் போனான். தோட்டத்தை விட்டுக் கோல சிலாங்கூர் டவுனுக்கு வந்தபோது அதுவும் லோரியில் கூடவே வந்தது. அப்பா அம்மா போன பிறகு மாடில்டாதான் பார்த்துக்கொண்டாள். டயர் கடை வேலை அவளுக்கு. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுப்பாள், அழுத்தித் தேய்க்கமாட்டாள். சுங்கை சோவில் பழைய கார்ட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் பாலகிருஷ்ணன் சொல்லியிருந்தார்: “துரு இருந்தா இருக்கட்டும் மாடில்டா. அந்தப் பேரு உரிஞ்சா, அது வெறும் இரும்பு லா.” ஜனவரியில் அவர் வைக்கும் கண்காட்சியில் முதல் வரிசை ஆர்தர் வண்டிக்குத்தான்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருந்தது. சாயந்தரம் வேலை விட்டு வந்தவள், வாசலில் நட்சத்திர விளக்குக்குக் கீழே பளபளவென்று ஒரு சிவப்பு வண்டியைப் பார்த்தாள்.

“யாரு வண்டிடா இது?”

“நல்லா பாருக்கா!” தம்பி ஃபிரான்சிஸுக்கு வாயெல்லாம் பல். “அப்பாவோடதுதான். சர்ப்ரைஸ் லா! கேட்டுக்கு அடிச்ச சிவப்புல மிச்சம் இருந்திச்சு.”

மாடில்டா குனிந்து மூக்குத் தகட்டைத் தடவினாள். வழவழவென்று இருந்தது.

“இங்க இருந்தது எங்கடா?”

“பச்சையா என்னமோ கிறுக்கியிருந்திச்சே, அதுவா? சுரண்டிட்டு கிரைண்டர் போட்டேன். நீ வேலைக்குப் போன நேரம் பாத்து ரெண்டு நாள் வேலைக்கா. கையப் பாரு, கொப்புளம்!”

மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை. தமிழ் எழுத்து அவனுக்குக் கிறுக்கல்தான்.

கையிலிருந்த சோற்றுப் பாத்திரம் விழுந்தது. அதைக்கூட எடுக்காமல் மறுபடி அந்தத் தகட்டையே தடவினாள். மாதாவே, கத்தியிருந்தால்கூடத் தேவலை!

“அது அப்பா பேருடா,” என்றாள் கடைசியில்.

ஃபிரான்சிஸ் கொப்புளக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் அவன் சுரண்டிய இடத்தில் மண்டியிட்டாள். கால்வாய் ஓரம், புல்லுக்குள், செங்கல் இடுக்கில். நகக்கண் அளவு பச்சைச் செதில்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிஸ்கட் டின்னில் போட்டாள். ஃபியோனா ஜன்னல் வழியாகப் பார்த்த நகை அதுதான்.

“எங்கக்கா போற? நாளைக்குக் கிறிஸ்மஸ்!”

“சுங்கை சோவுக்கு. ஒட்ட முடியுமான்னு கேக்கணும்.”

“அப்ப வண்டி?”

“அது உன் வண்டி. நீ வச்சுக்க.”

டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டைத் தள்ளினாள். நேற்று ராத்திரி ஃபிரான்சிஸ் அதற்கு அடித்த இரண்டாம் பூச்சு இன்னும் காயவில்லை. உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. துடைக்கக்கூட நிற்கவில்லை, நடந்துவிட்டாள்.