இன்னாசிமேரி மறைத்த மூன்று வாரம்

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இன்னாசிமேரியின் இரண்டு கன்னங்களிலும் மங்கு விழுந்தது. மூக்கின் இருபுறமும் காப்பிக் கறை போலப் படர்ந்தது. கணவர் கஸ்பார் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாததே அவளுக்கு உறுத்தியது.

அம்மாபேட்டையில் டாக்டர் வெங்கடாசலத்தின் மருத்துவமனையில் அவள் கம்பவுண்டர். கன்னியாஸ்திரீகள் நடத்திய மருந்தகத்தில் பழகி வந்தவள். களிம்பு கலக்குவதில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை என்று டாக்டரே சொல்வார். தறிக்காரர்களின் வெடித்த விரல்களுக்கு ஆட்டு ரோமக் கொழுப்பைக் குழைத்துக் கொடுப்பாள். அது பிளவை மூடி ஈரத்தை உள்ளே நிறுத்தும். வேர்க்குருவுக்கு ஜிங்க் பொடி. பித்தவெடிப்புக்குச் சாலிசிலிக் அமிலம்; தடித்த தோலை அது ஏடு ஏடாக உரித்துவிடும். கிளிசரினைத் தண்ணீர் கலக்காமல் பூசக்கூடாது, அது தோலிலிருந்தே ஈரத்தை இழுத்துக் காயவைத்துவிடும் என்று வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவாள். ஊர்த் தோலையெல்லாம் ஆற்றியவளுக்குத் தன் மங்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதத்தில் கொழுந்தன் அமிர்தசாமிக்குக் கல்யாணமாயிற்று. பெண் தம்மம்பட்டிப் பக்கம். பெயர் செல்வமேரி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. செல்வமேரி மாநிறம்தான், ஆனால் வந்த ஆறு மாதத்தில் அவள் முகம் உரித்த வெங்காயம் போல வெளுத்துப் பளபளத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"என்னடி பூசுற?"

"வெறும் பயத்தமாவுதான்க்கா."

இன்னாசிமேரி பக்கத்திலேயே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். "கம்பவுண்டரம்மா, உங்க கையில இல்லாத மருந்தா? உங்க முகத்துக்கு ஒண்ணும் பண்ணிக்கலையா?" என்று ஒருத்தி ஒருநாள் கேட்டுவிட்டாள். அன்று இன்னாசிமேரிக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தமாவு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், அழுக்கை எடுக்கும்; நிறத்தை எடுக்காது. அது அவளுக்குத் தெரியும். அப்படியானால் இவள் பொய் சொல்கிறாள்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் செல்வமேரி தண்ணீருக்குப் போயிருந்தபோது அவள் அறைக்குள் போய்த் தேடினாள். மாதா படத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பீங்கான் டப்பா இருந்தது. பெயர் இல்லை, சீட்டு இல்லை. கடைவீதியில் பெட்டி தூக்கி விற்பவனிடம் வாங்கியது என்று பின்னால் தெரிந்தது. கட்டைவிரல் நகத்தளவு எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவமனையில் ஈதர் ஊற்றிக் கொழுப்பைக் கழுவினாள். அடியில் வெள்ளைப் பொடி நின்றது. அதில் காஸ்டிக் சோடாக் கரைசலைவிட்டுச் சூடு காட்டினாள். பொடி மஞ்சளாக மாறியது. அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. பாதரச உப்பு!

படர்தாமரைக்காக அந்த மருந்தைப் பூட்டிய அலமாரியில் டாக்டர் வைத்திருந்தார். அவர் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது: "தோல்ல கருமை ஊறுற வேலையையே இது நிறுத்திடும்மா. அதனாலதான் வெளுக்குது. ஆனா தினம் பூசினா உள்ள இறங்கும். சிறுநீரகம் கெட்டுப்போயிடும்."

அன்றைக்கே வீட்டுக்கு ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பூசட்டும் என்று நினைத்தாள். எத்தனை நாளைக்கு இந்தப் பளபளப்பு, பார்க்கலாம் என்று நினைத்தாள். அதோடு நிற்காமல், மடித்து வைத்த காகிதத்தில் மிச்சமிருந்ததைத் தன் இடது கன்னத்தில் பூசிப் பார்த்தாள். தெரிந்தே பூசினாள். தீர்ந்ததும் மறுபடி அந்த டப்பாவிலிருந்தே எடுத்தாள். பத்தே நாளில் மங்கின் ஓரம் வெளிறியது. கண்ணாடியில் பார்த்தபோது சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் போனாள். பிள்ளைகளை அடித்ததைச் சொன்னாள், பூசைக்குப் பிந்தியதைச் சொன்னாள். இதைச் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது செல்வமேரி காலையில் எழுந்து வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது.

"தூக்கமில்லைக்கா, அதான்."

இன்னாசிமேரி கணுக்காலிலிருந்து விரலை எடுத்தாள். "அந்த டப்பாவைத் தூக்கிப் போடு செல்வி. அதுல பாதரசம் இருக்கு. விஷம்."

செல்வமேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எந்த டப்பா? என் அறைக்குள்ள பூந்து பார்த்தீங்களா?"

"அது இருக்கட்டும். சொல்றதைக் கேளு."

"எதுக்குக் கேக்கணும்? நான் வந்த நாள்லேருந்து உங்க கண்ணு என் மூஞ்சி மேலதான். எனக்குத் தெரியாதா? பொறாமைக்கா உங்களுக்கு."

செல்வமேரி சொன்னது உண்மை; அதனாலேயே இன்னாசிமேரி சொன்ன உண்மையை அவள் நம்பவில்லை.

"பொறாமைதான்," என்றாள் கடைசியில். "இருந்துட்டுப் போகுது. கொஞ்சம் சிறுநீர் பிடிச்சுக் கொடு. உன் கண் முன்னாலயே காய்ச்சிக் காட்டறேன். சிறுநீரகம் கெட்டிருந்தா திரிஞ்சுபோகும். தெளிவா இருந்தா நான் உன் கால்ல விழறேன்."

மருத்துவமனைக்கு இருவரும் நடந்தே போனார்கள். சோதனைக் குழாயை விளக்கில் காட்டியதும் நீர் கலங்கியது. பிறகு முட்டை வெள்ளைக்கரு போலத் திரிந்து உறைந்தது. செல்வமேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டில் உப்பை நிறுத்தச் சொல்லி, படுக்கையில் இருக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் செல்வமேரி கேட்டாள். "உங்களுக்கு எப்போக்கா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "சவேரியார் திருநாளுக்கு முந்தியே," என்றாள் இன்னாசிமேரி.

செல்வமேரி மனதுக்குள் நாள் கணக்குப் போட்டாள்; மூன்று வாரம். முகம் இறுகியது. அன்றிலிருந்து ஆறு மாதம் அவள் ஓரகத்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீக்கம் மாசி முடிய வடிந்தது. களிம்பை நிறுத்தியதும் முகம் திட்டுத் திட்டாகக் கறுத்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று இன்னாசிமேரி எத்தனை ஆசைப்பட்டாள்! பார்த்ததும் வேறு களிம்பு குழைக்க உட்கார்ந்தாள். ஆட்டு ரோமக் கொழுப்பு, தண்ணீர் கலந்த கிளிசரின், பன்னீர், வெயில் படாமல் காக்கக் கொஞ்சம் ஜிங்க் பொடி, இவற்றைக் குழைத்து ஒரு சிறு புட்டியில் நிரப்பி, என்னென்ன கலந்தது என்று சீட்டு எழுதி ஒட்டி, செல்வமேரியின் அடுப்பு மாடத்தில் வைத்தாள். எட்டு நாள் அது தொடப்படாமல் இருந்தது. ஒன்பதாம் நாள் விரல் தடம் தெரிந்தது.

இரண்டு வருஷத்தில் செல்வமேரியின் முகம் தன் சொந்த மாநிறத்துக்குத் திரும்பியது. முன்னைவிட அழகாக இருந்தாள். இன்னாசிமேரிக்குப் பழைய எரிச்சலும் திரும்பியது.

அறுபத்தோராம் வருஷம் பங்குக் கோயிலில் பெண்கள் கூட்டம் ஒன்று நடந்தது. பெயரில்லாத களிம்புகளைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்றபோது, செல்வமேரி எழுந்து தனக்கு நேர்ந்ததைச் சொன்னாள். ஓரகத்தி மறைத்த மூன்று வாரத்தை மட்டும் சொல்லவில்லை. அத்தனை பேரும் வாய் பிளந்து கேட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக மருந்துச் சன்னலில் நின்று அதையேதான் இன்னாசிமேரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தி காதிலும் ஏறியதில்லை. அழகான முகம் சொன்னதும் ஏறியது.

"பாதரசம் கலந்திருந்தா எப்படிம்மா கண்டுபிடிக்கறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

செல்வமேரி பதில் தெரியாமல் ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இரண்டாம் தடவையும் பார்க்கும்வரை இன்னாசிமேரி வேண்டுமென்றே இடத்தைவிட்டு எழவில்லை. பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து முன்னால் போனாள்.